தும்மல் சீசனில் உடம்பு வலி: அலர்ஜிக்காரர்கள் செய்யக் கூடாத தவறுகள்

மார்கழி பிறந்தால் போதும், காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. இது அலர்ஜி என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதோடு கூடவே வரும் பிடரி வலி, தோள்பட்டைப் பிடிப்பு, இருமினால் விலாவில் குத்தல், ஒரு வேலையும் செய்யாமலேயே உடம்பை அடித்துப் போட்ட மாதிரி அசதி, இதையெல்லாம் யாரும் மூக்கோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மூக்குக்கு ஒரு மாத்திரை, வலிக்குத் தனியாக ஒரு மாத்திரை என்று இரண்டு நோயாகப் பிரித்து வைத்தியம் பார்க்கிறோம். இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு, அது இன்னும் ஆபத்தானது: வருகிற எல்லா உடம்பு வலியையும் ‘எனக்கு வருஷா வருஷம் வர்ற அலர்ஜிதான்’ என்று ஒதுக்கிவிடுவது.

வலி எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அது பிடிபட்டால் தவறுகள் தானாகவே புரிந்துவிடும்.

மகரந்தமோ பூஞ்சைத் துகளோ தூசிப்பூச்சியின் கழிவோ மூக்கின் உள் சவ்வில் பட்டதும், அங்கே காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. சில நிமிடத்தில் தும்மல், அரிப்பு, நீராக ஒழுகல். அதோடு முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று ஒன்று வருகிறது, அழற்சியை உண்டாக்கும் செல்கள் மூக்கில் வந்து குவிகின்றன, மூக்கு கல் மாதிரி அடைத்துக்கொள்கிறது, தலை கனக்கிறது, உடம்பு மந்தமாகிறது. இந்த அசதி ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1819இல் ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர், கோடை தோறும் தன்னைப் படுத்திய மகரந்த அலர்ஜியைப் பற்றித் தானே எழுதி வைத்தார். மருத்துவ உலகில் இந்த நோயைப் பற்றிய முதல் தெளிவான விவரிப்பு அதுதான். கண், மூக்கு, மார்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சோர்வு, தசையைப் பயன்படுத்தி வேலை செய்ய முடியாத நிலை, இரவில் தூக்கமின்மை என்றும் சேர்த்திருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு முன்பே அந்த மனிதர் மூக்கையும் உடம்பையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார்.

ஆனால் அலர்ஜி நேராகப் போய்த் தசையைத் தாக்குகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் வலி வருவது சாதாரணமான மூன்று வழிகளில். முதலாவது, தும்மலும் இருமலும். ஒரு தும்மலுக்கு வயிறு, விலா, முதுகுத் தசைகள் எல்லாம் ஒரே நொடியில் இறுகித் தளர வேண்டும். காலையில் இருபது முப்பது தும்மல், ராத்திரி முழுக்க வறட்டு இருமல் என்று பல நாள் ஓடினால், பழக்கமே இல்லாமல் உடற்பயிற்சி செய்தவருக்கு வரும் அதே வலிதான் விலாவிலும் வயிற்றுச் சதையிலும் வரும். இரண்டாவது, மூச்சு விடும் விதம். மூக்கு அடைத்தவர் வாயால் மூச்சு விடுகிறார், தலையை முன்னால் நீட்டுகிறார், கொஞ்சம் இளைப்பும் சேர்ந்தால் கழுத்தின் பக்கவாட்டுத் தசைகளையும் தோளையும் தூக்கித் தூக்கி மூச்சை இழுக்கிறார். அந்தத் தசைகள் நாள் முழுக்க அந்த வேலைக்கு ஏற்பட்டவை அல்ல. சாயங்காலம் பிடரியும் தோளும் கல்லாகிவிடுகின்றன. மூன்றாவதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்: தூக்கம். அடைத்த மூக்கோடு படுத்தவர் இரவில் பலமுறை அரைகுறையாக விழிக்கிறார், பல சமயம் அது அவருக்கே தெரியாது. சரியாகத் தூங்காத உடம்புக்கு வலியைத் தாங்கும் அளவு குறைந்துவிடும். நேற்று வரை உறைக்காத முதுகு வலி இன்று உறைக்கும்.

அப்படியானால் வைத்தியம் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாமோ மெடிக்கல் ஷாப்பிலிருந்து தொடங்குகிறோம்.

‘ஒரு செட் மாத்திரை குடுங்க’

நம் ஊரில் இது ரொம்பச் சகஜம். ‘தும்மல், மூக்கடைப்பு, உடம்பு வலி, ரெண்டு வேளைக்கு ஒரு செட்’ என்று கேட்டால், பட்டையிலிருந்து வெட்டி எடுத்த நாலைந்து மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். உறையில் பெயர் இருக்காது, ‘காலை’, ‘இரவு’ என்று பேனாவில் கிறுக்கியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரை ஒன்று, வயிற்றுப் புண் வராமல் இருக்க ஒன்று, அப்புறம் பல சமயம் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. மறுநாள் காலை தும்மலும் இல்லை வலியும் இல்லை, அசதிகூட இல்லை. ‘அந்தக் கடைக்காரர் கைராசிக்காரர்’ என்று பெயர் வந்துவிடும்.

கைராசி இல்லை, ஸ்டீராய்டு. பீட்டாமெதசோன், டெக்சாமெதசோன் வகை மாத்திரைகள் அழற்சியை அப்படியே அமுக்கிவிடும், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் கேட்கிறது. மருத்துவர் பார்த்து, தேவைப்பட்ட சில நாளைக்குக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். ஒவ்வொரு சீசனிலும் நாமாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்கும்போதுதான் விபரீதம். சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு மெலியும், இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போகாமல் எலும்பே சாகிற நிலைகூட வரலாம். தசைக்கு என்ன ஆகும் என்பது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். தொடர்ந்து ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொடை, இடுப்பு, தோள் தசைகள் பலம் குறையும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும். உடம்பு வலிக்கென்று தின்ற மாத்திரையே தசையைத் தின்னும்.

இன்னொரு சுழலும் இதில் இருக்கிறது. வாரக்கணக்கில் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால், நிறுத்தியதாலேயே உடம்பு வலி, மூட்டு வலி, அசதி வரும். ‘பார்த்தீங்களா, மாத்திரை போடலைன்னா வலி வந்துடுது’ என்று மறுபடியும் செட் வாங்குவார்கள். ஏற்கெனவே பல வாரமாக இப்படி எடுத்து வருகிறவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டாம், மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சீசனுக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளும் ‘தும்மல் ஊசி’யிலும் பல சமயம் இதே ஸ்டீராய்டுதான், வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிற மாதிரி.

வலி மாத்திரை பக்கமும் ஒரு எச்சரிக்கை. சளிக்கென்று விற்கும் கலவை மாத்திரைகளில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கும், பெரும்பாலும் 325 அல்லது 500 மில்லிகிராம். 500 உள்ளதை மூன்று வேளை போட்டுக்கொண்டே உடம்பு வலிக்கென்று 650 மில்லிகிராம் பாராசிட்டமாலை நான்கு முறை போட்டால் கணக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு அதுதான் உச்ச வரம்பு, கல்லீரல் பலவீனமானவருக்கும் குடிப்பவருக்கும் இன்னும் குறைவு. ஆஸ்துமாவும் மூக்குச் சதை வளர்ச்சியும் உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஒத்துக்கொள்ளாது, போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சுத்திணறலே வந்துவிடும். இந்த இரண்டு தொந்தரவும் உள்ளவர் வலி மாத்திரையைக் கேட்காமல் தொடவே கூடாது.

மூக்கில் விடுவதிலும் தப்பு

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டதும் பட்டென்று திறந்துகொள்ளும், அந்தச் சுகத்துக்கு அடிமையாகிவிடுவோம். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று பெயர் போட்ட சொட்டுகள் மூன்றிலிருந்து ஐந்து நாளைக்கு மேல் கூடாது. மீறினால் மருந்தின் வேகம் இறங்கிய உடனே முன்னைவிட மோசமாக அடைக்கும், அப்புறம் சொட்டு இல்லாமல் தூக்கமே வராது. வருஷக்கணக்கில் தலையணைக்கு அடியில் அந்தப் புட்டியை வைத்துக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் கெட்டால் வலி கூடும் என்று மேலே சொன்னேனே, அது இவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரியானவை பெரும்பாலும் மூக்கிலேயே வேலை செய்கின்றன, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, அதனால் மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தொடர்ந்து தொந்தரவு தரும் அலர்ஜி மூக்கடைப்புக்கு இதுதான் முதன்மையான மருந்து. ஆனால் இரண்டு நாள் அடித்துவிட்டு ‘ஒண்ணும் கேட்கலை’ என்று மூலையில் போட்டுவிடுகிறோம். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும், விடாமல் தினமும் அடிக்க வேண்டும்.

அடிக்கும் விதத்திலும் பெரும்பாலோர் தப்பு செய்கிறோம். தலையை அண்ணாந்து, புட்டியை நேராக மேலே பார்க்க வைத்து, அடித்த கையோடு ஓங்கி உறிஞ்சுவது வழக்கம். மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. தலையை லேசாக முன்னால் குனிந்துகொள்ளுங்கள். வலது மூக்குத் துவாரத்துக்கு இடது கையால், இடது துவாரத்துக்கு வலது கையால் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்துத் திரும்பும். நடுத் தண்டில் படக் கூடாது, பட்டால் ரத்தம் கசியும். அடித்தபின் மெதுவாக மூச்சை இழுத்தால் போதும்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், மருந்தடிப்பதற்கு முன் செய்தால் இன்னும் நல்லது. குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டும். மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது, கேரளத்தில் 2024, 2025இல் உயிரிழப்புகள் நடந்தது நினைவிருக்கும்.

ஆவி பிடிப்பதையும் தைலத்தையும் பற்றிக் கேட்பீர்கள். கற்பூரம், புதினா உப்பு கலந்த தைலம் மூக்கு திறந்துவிட்ட உணர்வைத் தரும், உண்மையில் உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். இதமாக இருந்தால் நெற்றியிலோ கழுத்திலோ தேய்த்துக்கொள்ளலாம், மூக்குத் துவாரத்துக்குள் தடவாதீர்கள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். கொதிக்கும் சட்டியின் முன் குழந்தையைப் போர்வை மூடி உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம், சட்டி கவிழ்ந்து தொடை வெந்த கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

தும்மும்போது, படுக்கும்போது

கூட்டத்தில் வெட்கப்பட்டு மூக்கையும் வாயையும் இறுக மூடித் தும்மலை அடக்குவார்கள். செய்யாதீர்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், அலர்ஜி மூக்கு உள்ள ஒருவர் கார் ஓட்டும்போது இப்படி அடக்கப்போய் மூச்சுக்குழாயிலேயே சுமார் 2 மில்லிமீட்டருக்குக் கிழிசல் விழுந்தது, 2023இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. நல்லவேளை, அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிட்டது. இது அபூர்வம்தான், ஆனால் காதில் அடைப்பும் கழுத்தில் பிடிப்பும் அபூர்வமல்ல. முழங்கை மடிப்பில் தும்முங்கள்.

இடுப்பு வலி உள்ளவர்கள் குனிந்து திரும்பிய நிலையில் தும்முவதைத் தவிர்க்க வேண்டும். செருப்பு மாட்டக் குனிந்திருக்கும்போது, காரின் பின் சீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்போது வரும் தும்மலில்தான் ‘சுரீர்’ என்று பிடித்துக்கொள்ளும். வருகிறது என்று தெரிந்ததும் நிமிர்ந்து, ஒரு கையை மேசையிலோ சுவரிலோ ஊன்றிக்கொண்டால் இடுப்புக்குப் போகும் சுமை கணிசமாகக் குறையும். விலா வலிப்பவர் இருமும்போது ஒரு தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். வலிக்கும் இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். விலாவுக்கு இடையில் உள்ள தசை இழுத்துக்கொண்டால் ஆற ஒன்றிரண்டு வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். ஒரே புள்ளியை விரலால் அழுத்தினால் உயிர் போகிறது என்றால், குறிப்பாக வயதானவருக்கு, இருமலிலேயே விலா எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூக்கு திறக்கட்டும் என்று இரண்டு மூன்று தலையணையை அடுக்கிப் படுப்பது இன்னொரு வழக்கம். தலை மட்டும் தூக்கிக்கொண்டு கழுத்து மடங்கிக் கிடக்கும், காலையில் பிடரி திரும்பாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டையோ செங்கலோ வைத்து அரையடி உயர்த்திவிட்டு ஒரே தலையணையில் படுங்கள், முதுகோடு சேர்ந்து சாயும்.

அப்படிப் பிடித்த கழுத்தோடு சலூனுக்குப் போய், ‘அண்ணே, ஒரு நெட்டி எடுத்து விடுங்க’ என்று தலையைக் கொடுக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு கழுத்தெலும்பு வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருகும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. எண்ணெய் தடவி நீவி விடுவது வரை சரி, திருகல் வேண்டாம்.

படுக்கை என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. அலர்ஜி என்றால் வெளியில் இருக்கும் மகரந்தம் என்றே நினைக்கிறோம். சீமைக் கருவேலம், பார்த்தீனியம், சவுக்கு, அறுகு எல்லாவற்றின் மகரந்தமும் அலர்ஜி உண்டாக்கும், உண்மைதான். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய சுவரில் பூக்கும் பூஞ்சையும், ஈரக்காற்றில் மெத்தைக்குள் பெருகும் தூசிப்பூச்சியும் அதே சீசன்காரர்கள்தான். தொந்தரவு உள்ளவரே மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் குச்சியால் அடித்துத் தட்டினால், அன்று ராத்திரி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யட்டும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில், 60 டிகிரி அளவில் துவைத்தால்தான் பூச்சி சாகும், பச்சைத் தண்ணீரில் அலசினால் சாகாது.

காய்ச்சல் இருந்தால் அது அலர்ஜி இல்லை

தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். அலர்ஜிக்குக் காய்ச்சல் வராது. அரிப்புதான் அதன் அடையாளம்: மூக்கு அரிக்கும், கண் அரிக்கும், அண்ணம் அரிக்கும். காய்ச்சலும் கடுமையான உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் வேறு எதையோ தேட வேண்டும். தமிழ்நாட்டில் அலர்ஜிக்காரர்கள் தும்மத் தொடங்கும் அதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் டெங்குவும் ஏறுகிறது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிகிற மாதிரி உடம்பு வலி, காய்ச்சல் என்றால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும் அளவோடு, உடனே ரத்தப் பரிசோதனை. ‘செட் மாத்திரை’ இங்கேதான் உயிருக்கே உலை வைக்கும்.

எலிக்காய்ச்சல் இன்னும் ஏமாற்றும். வெள்ளத் தண்ணீரில் நடந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கண் ரத்தச் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. கண் சிவந்திருப்பதைப் பார்த்து அலர்ஜி என்று விட்டுவிடக் கூடாது, இதில் அரிப்போ பீளையோ இருக்காது. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் குணமாகும், தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டுவிடும்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் சிலதை அலர்ஜி கணக்கில் எழுதக் கூடாது. மூட்டு வீங்கினால், காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆனால், சீசன் முடிந்து தும்மல் நின்றும் வலி நிற்காவிட்டால் தைராய்டு, வைட்டமின் டி, மூட்டுவாதம் எல்லாம் பார்க்க வேண்டும். மார்பு இறுகி, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறி, வியர்த்துக் கொட்டினால் ‘இருமி இருமிச் சதை பிடிச்சிருக்கு’ என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையையும் சந்தேகப்படுங்கள். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் தசை வலி தரும் என்பது பலருக்குத் தெரியும். இங்கே அலர்ஜிக்கு அதிகம் எழுதப்படும் மாண்டிலூகாஸ்ட் கலந்த மாத்திரையிலும் தசை வலியும் குறக்களியும் பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்தது, மற்ற மருந்துகளில் அடங்கும் சாதாரண அலர்ஜிக்கு இதை ஒதுக்கி வைக்கவும் சொன்னது. ஆஸ்துமாவுக்காக எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. வெறும் தும்மலுக்காக வருஷக்கணக்கில் தின்றுகொண்டிருப்பவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பட்டையைக் கையோடு கொண்டுபோய், இது இன்னும் தேவையா, ஸ்பிரே மட்டும் போதாதா என்று கேளுங்கள். அப்படியே எந்த மாதத்தில் உங்களுக்குத் தொடங்குகிறது என்றும் சொல்லுங்கள். மார்கழியில் தொடங்கும் என்றால் கார்த்திகை நடுவிலேயே ஸ்பிரேயை ஆரம்பித்துவிடலாம்.